பள்ளியின்மேல் விழுந்த போர்விமானங்கள்

போர்க்களத்தில் மாண்டவரின் தொகையை வரலாறு எண்ணி வைத்திருக்கிறது. எந்தப் போரில், எந்தக் களத்தில், எத்தனை வீரர் வீழ்ந்தனர் என்பதை நூல்கள் கூறும். அவர்களுக்கு நினைவுத் தூண்களும் உண்டு. ஆனால், களத்திற்குத் தொலைவில், பகைவர் ஒருவரும் கண்ணில் படாத வேளையில், நட்பு நாட்டு விமானமோ தம் நாட்டு விமானமோ தலைமேல் வீழ்ந்து மாண்டவர்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. அவ்வாறு மாண்டவருள் பலர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டிலும், ஒக்கினாவாவில் 1959ஆம் ஆண்டிலும், டாக்காவில் 2025ஆம் ஆண்டிலும் மூன்று பள்ளிகளின்மேல் இராணுவ விமானங்கள் விழுந்தன. காலம் வேறு, நாடு வேறு, விமானமும் வேறு. எனினும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை புலப்படும். "விதி" என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஊழ் என்பது ஒன்று. கட்டளை, ஒழுங்குமுறை என்பது மற்றொன்று. இம்மூன்று ஊர்களிலும் பிள்ளைகளை மாய்த்தது முதற்பொருளிலான விதியன்று. இரண்டாம் பொருளிலான விதி இல்லாமையும், இருந்தும் காக்கப்படாமையுமே ஆகும்.

போர்விமானத்தின் இயல்பு

பயணிகள் விமானத்திற்கும் போர்விமானத்திற்கும் உள்ள வேற்றுமையை முதலில் அறிதல் வேண்டும். பயணிகள் விமானம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அமைதியாகச் செல்வதற்கென்றே அமைந்தது. போர்விமானமோ விரைந்து எழவும், திடீரெனத் திரும்பவும், தாழப் பறக்கவும், வன்மையின் எல்லைவரை இயங்கவும் அமைந்தது. அதை ஓட்டப் பழகும் இளம் விமானிகள், ஒரு நாள் முதன்முறையாகத் தனியே பறந்தே ஆகவேண்டும். பழுதுபார்த்த விமானத்தை யாராவது ஒருவர் சோதனைக்காக ஓட்டிப் பார்த்தே ஆகவேண்டும். ஆகவே, போர் இல்லாத காலத்திலும் போர்விமானத்தில் ஆபத்து உண்டு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், விமானியை இருக்கையோடு வெளியே எறிந்து பாராசூட்டில் இறக்கும் அமைப்பு போர்விமானங்களில் பரவலாயிற்று. எத்தனையோ விமானிகளின் உயிரைக் காத்த அரிய கருவி அது. ஆயினும் விமானி வெளியேறிய பின் அந்த விமானம் எங்கே செல்லும் என்பதை எவரும் கட்டுப்படுத்த இயலாது. எரிபொருள் நிறைந்த பல டன் இரும்பும் அலுமினியமும் போன போக்கில் போய் விழும். மேலே இருப்பவருக்குச் சில விநாடிகளேனும் உண்டு. கீழே இருப்பவருக்கு அதுவும் இல்லை.

பிரக்கிள்டன் (1944)

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் மாவட்டத்தில் பிரக்கிள்டன் என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்த வார்ட்டன் என்னுமிடத்தில், இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க விமானப்படை ஒரு பெரிய பணிமனையை நடத்தி வந்தது. பழுதுற்ற விமானங்கள் அங்குச் செப்பனிடப்பட்டுச் சோதனைக்குப் பின் போர்முனைக்கு அனுப்பப்பட்டன.

1944ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ஆம் தேதி காலை, நான்கு எஞ்சின்கள் கொண்ட இரண்டு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் சோதனைக்காக அங்கிருந்து எழும்பின. சற்று நேரத்தில் கடுமையான இடிமழை நெருங்கி வருவதாகச் செய்தி வந்தது. இரு விமானங்களையும் உடனே திரும்பும்படி நிலையத்தார் பணித்தனர். திரும்பி வருவதற்குள் புயல் சூழ்ந்துகொண்டது. ஒன்று வடக்கே விலகிச் சென்று தப்பியது. மற்றொன்று இறங்க முயன்று, இயலாது மீண்டும் எழ முற்பட்ட வேளையில் ஊரின்மேல் சாய்ந்தது. மரத்தையும் வீடுகளையும் வெட்டிக்கொண்டு சென்று, அமெரிக்க வீரர்கள் கூடும் சிற்றுண்டிக் கடையைத் தகர்த்து, திருச்சபைப் பள்ளியின் மழலையர் வகுப்பில் போய் வீழ்ந்து தீப்பற்றியது. புதிய தவணை தொடங்கி மறுநாள் அது. லண்டன் பக்கத்துக் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பாதுகாப்பான இடம் என்று பெற்றோரால் அனுப்பப்பட்ட குழந்தைகளும் அவ்வகுப்பில் இருந்தனர்.

அன்று மாண்டவர் மொத்தம் 61 பேர். அவர்களுள் 38 பேர் பள்ளிப்பிள்ளைகள். இருவர் அவர்களின் ஆசிரியைகள். மூவர் விமானத்தில் இருந்தோர். ஏனையோர் சிற்றுண்டிக் கடையில் இருந்த வீரர்களும் ஊர்மக்களும் ஆவர். குழந்தைகள் பலர் தேவாலயத்து மயானத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டனர்.

விமானம் முற்றிலும் சிதைந்துவிட்டதால், வீழ்ந்த காரணத்தை ஐயமின்றி நிறுவ விசாரணையாளரால் முடியவில்லை. கொந்தளிக்கும் காற்றில் விமானத்தின் உறுப்பு ஏதேனும் முறிந்திருக்கலாம் என்றும், ஆபத்தின் அளவை விமானி காலந்தாழ்த்தி உணர்ந்திருக்கலாம் என்றும் அவர்கள் கருதினர். ஒன்றை மட்டும் தெளிவாகக் கூறினர். பிரிட்டனின் மழை வெறும் தூறலே என்னும் எண்ணம் அமெரிக்க விமானிகளிடையே பரவியிருந்தது. அந்நாட்டு இடிமழையின் கொடுமையை அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும் என்பதே அது. ஒரு பாடம் கற்பிக்கப்படாமல் இருந்தது. அதன் விலையை ஒரு வகுப்பறை கொடுத்தது. வார்ட்டன் தளத்து அமெரிக்க வீரர்கள் அவ்வூர்ப் பிள்ளைகளுக்காகத் தம் உழைப்பால் ஒரு விளையாட்டுத் திடலை அமைத்து 1945ஆம் ஆண்டில் அளித்தனர்.

இஷிகாவா (1959)

ஜப்பானின் தெற்கே உள்ள ஒக்கினாவாத் தீவு 1945ஆம் ஆண்டில் பெரும் போர்க்களமாயிற்று. போர் முடிந்த பின்னும் 1972ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் தேதிவரை அது அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்தது. கடேனா என்னுமிடத்து விமானத் தளம் அமெரிக்க விமானப்படைக்குக் கிழக்காசியாவில் முதன்மையான தளமாகியது.

1959ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் தேதி முற்பகல், கடேனாவிலிருந்து புறப்பட்ட எஃப்-100 போர்விமானம் ஒன்றின் எஞ்சினில் நடுவானில் தீப்பிடித்தது. விமானி வெளியே குதித்துப் பாராசூட்டில் உயிருடன் இறங்கினார். ஆளற்ற விமானம் இஷிகாவா நகரின் வீடுகளின்மேல் விழுந்து, அங்கிருந்து எகிறி மியாமோரி தொடக்கப் பள்ளியில் மோதியது. அது பிள்ளைகளுக்குப் பால் வழங்கும் இடைவேளை. ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகள் பயின்ற பள்ளி அது. எரியும் எரிபொருள் வகுப்பறைகளில் சிதறியது. பதினொரு மாணவரும் ஊர்மக்கள் அறுவரும் இறந்தனர். காயமுற்றோர் 210 பேர். அன்று தீக்காயம் பட்ட மாணவருள் ஒருவர், அக்காயத்தின் பின்விளைவால் 1976ஆம் ஆண்டில் இறந்தார். ஆகவே, இன்று நினைவுக்கல்லில் உள்ள பெயர்கள் பதினெட்டு. பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு விபத்து உயிரைக் கொள்ளும் என்பதை அக்கல் காட்டுகிறது.

எஞ்சின் கோளாறு, தவிர்க்க இயலாத விபத்து என்னும் விளக்கமே அன்று மக்களுக்குக் கிடைத்தது. ஆனால் விமானப்படையின் உள்ளறிக்கை வேறொன்றைக் கூறியது. எரிபொருள் கசிந்ததற்கும் தீப்பிடித்ததற்கும் அடிப்படை, பராமரிப்பில் நேர்ந்த தவறே என்பது அதன் முடிவு. அந்த அறிக்கையின் செய்தி 1999ஆம் ஆண்டில்தான் ஒக்கினாவா மக்களுக்கு வெளியாயிற்று. நாற்பது ஆண்டுகள்! மகனை இழந்த தந்தை, தன் மகன் தவிர்க்கக்கூடிய தவற்றால் இறந்தான் என்பதை அறிய நாற்பது ஆண்டுகள் ஆயின. அறியாமலே கண்மூடிய பெற்றோரும் இருந்திருப்பர். இழப்பு ஒரு துன்பம். இழப்பின் காரணம் மறைக்கப்படுவது மற்றொரு துன்பம்.

டாக்கா (2025)

வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவின் வடபகுதியில் உள்ள குர்மித்தோலா விமானத் தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தோன்றியது. அக்காலத்தில் அது ஊருக்கு வெளியே இருந்தது. பின்னர் நகரம் வளர்ந்தது. உத்தரா என்னும் பெருங்குடியிருப்பு எழுந்தது. வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் தளத்தை நெருங்கிச் சூழ்ந்தன.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் தேதி நண்பகலுக்குச் சற்றுப் பின், சீனாவில் செய்யப்பட்ட எஃப்-7 வகைப் பயிற்சி விமானம் ஒன்று அத்தளத்திலிருந்து எழும்பியது. சில நிமிடங்களுக்குள் அது உத்தராவில் உள்ள மைல்ஸ்டோன் பள்ளியின் கட்டடத்தில் மோதித் தீப்பற்றியது. விமானியும் ஆசிரியரும் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலோர் பிள்ளைகள். தீக்காயமுற்றோர் நூற்றுக்கும் மேல். ஆசிரியை ஒருவர் புகையும் தீயும் சூழ்ந்த வகுப்பறையிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிட்டுத் தாம் தீக்காயத்தால் உயிர்நீத்தார். நாடு முழுவதும் அவர் பெயரைச் சொல்லி அழுதது.

முதலில் இயந்திரக் கோளாறு என்றே இராணுவத் தரப்பு அறிவித்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு அவ்வாண்டு நவம்பர் மாதம் அளித்த அறிக்கையில், பயிற்சியின்போது விமானம் விமானியின் கட்டுப்பாட்டை மீறியதே காரணம் என்றது. பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி விமானப்படையின் தொடக்கப் பயிற்சியை டாக்காவுக்கு வெளியே நடத்துமாறும் பரிந்துரைத்தது. அதே குழு மற்றொன்றையும் கண்டது. அப்பள்ளிக் கட்டடம் கட்டட விதிகளுக்கு இணங்க அமையவில்லை. போதிய மாடிப்படிகள் இல்லாமல், நடுவில் ஒரு படி மட்டுமே இருந்தது. படிகள் கூடுதலாக இருந்திருப்பின் இறந்தோர் தொகை குறைந்திருக்கும்.

இக்கூற்று ஆசிரியர் உலகம் ஊன்றிச் சிந்திக்கத் தக்கது. வானத்திலிருந்து வரும் ஆபத்தைப் பள்ளி தடுக்க முடியாது. ஆனால் ஆபத்து வந்த பின் எத்தனை பேர் வெளியேறலாம் என்பதைப் பள்ளியின் படியும் கதவும் சன்னலுமே முடிவு செய்கின்றன.

முன்பு வந்தது எது?

இத்தகைய விபத்து நிகழும்போதெல்லாம் ஒரு வாதம் எழுவதுண்டு. "தளம் முன்பே இருந்தது, மக்கள் பின்னர் வந்து அருகில் குடியேறினர், குற்றம் யாருடையது?" என்பர். டாக்காவைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஒக்கினாவாவுக்கு அது பொருந்தாது. அங்குள்ள பூத்தென்மா விமானத் தளம், 1945ஆம் ஆண்டுப் போரின்போது கினோவான் வட்டாரத்துச் சிற்றூர்கள் இருந்த நிலத்தில் அமெரிக்கப் படையால் அமைக்கப்பட்டது. முகாம்களிலிருந்து திரும்பிய மக்கள், தம் ஊர் வேலிக்குள் போய்விட்டதைக் கண்டு வேலியின் ஓரத்தில் குடியேறினர். முன்பு இருந்தது ஊரே.

அமெரிக்க இராணுவத் துறையே 1970களில், ஓடுதளத்தின் முனைகளில் விபத்து நேரக்கூடிய நிலப்பகுதிகளை வரையறுத்தது. பெரிய ஓடுதளத்தின் முனையிலிருந்து முதல் 3,000 அடி கட்டடமே இன்றி வெறுமையாக இருத்தல் வேண்டும். அதற்கு அப்பால் 5,000 அடியும், அதற்கும் அப்பால் 7,000 அடியும் விபத்துக்கு இடமான பகுதிகள். அங்குப் பள்ளியும் மருத்துவமனையும் கூடா. மூன்றையும் கூட்டினால் 15,000 அடி, அதாவது நாலரைக் கிலோமீட்டர். நல்ல விதி! ஆனால் பூத்தென்மாவில் வெறுமையாக இருக்கவேண்டிய அந்த முதற்பகுதியிலேயே பள்ளிகள் உட்படப் பதினெட்டுப் பொது இடங்களும், ஏறத்தாழ 800 வீடுகளும் இருப்பதாகக் கினோவான் நகராட்சி கூறுகிறது.

அதன் விளைவையும் அந்நகரம் கண்டது. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் தேதி, பூத்தென்மாவைச் சேர்ந்த பெரிய ஹெலிகாப்டர் ஒன்று அருகிலுள்ள ஒக்கினாவா அனைத்துலகப் பல்கலைக்கழகத்தின் கட்டடத்தில் மோதி எரிந்தது. கோடை விடுமுறையாதலால் மாணவர் தப்பினர். வால்சுழலியில் மரையாணி கழன்றுவிடாமல் தடுக்கும் சிறு ஊக்கு ஒன்றைப் பழுதுபார்த்தோர் செருக மறந்ததே காரணம். அதன் சுழல்தகடுகளில் விரிசலைக் காட்டும் கருவியில் ஸ்ட்ரான்சியம்-90 என்னும் கதிரியக்கப் பொருளும் இருந்தது. விபத்து நிகழ்ந்தது ஜப்பானிய மண்ணில். ஆயினும் அமெரிக்க வீரர்கள் அவ்விடத்தைச் சூழ்ந்துகொண்டு ஜப்பானியக் காவல்துறையை விலக்கி வைத்தனர்.

2017ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி, அதே தளத்து ஹெலிகாப்டர் ஒன்றின் சன்னல் கழன்று, வேலியை ஒட்டிய பூத்தென்மா இரண்டாம் தொடக்கப் பள்ளியின் திடலில் விழுந்தது. எடை ஏறத்தாழ எட்டுக் கிலோ. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்போது திடலில் விளையாடிக்கொண்டிருந்தனர். அதன் பின் பல மாதங்கள், விமானம் நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகள் பாட்டையும் பந்தையும் விட்டுவிட்டு ஒதுங்கிடத்திற்கு ஓடினர். நூற்றுக்கணக்கான முறை ஓடினர். பூத்தென்மாவைத் திருப்பித் தருவதென்று 1996ஆம் ஆண்டிலேயே இரு அரசுகளும் ஒப்பிய பின்னும், கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தளம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

காரணத்தைக் கூறும் கடமை

இராணுவத்தின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பயிற்சியில்லாத விமானப்படையால் நாட்டைக் காக்க இயலாது. விசாரணையிலும் ஒரு சிக்கல் உண்டு. சொன்னால் தண்டனை வரும் என்று அஞ்சினால், தவறு செய்த விமானியும் பழுதுபார்ப்பவரும் வாய்திறவார், உண்மை வெளிப்படாது, அதே தவறு மறுபடியும் நேரும். இதனை எண்ணியே அமெரிக்க விமானப்படை இரண்டு விசாரணைகளை நடத்துகிறது. ஒன்று, இனி நேராமல் தடுப்பதற்கு. அதில் கூறப்படுபவை மறைவாக வைக்கப்படும். மற்றொன்று, நடந்ததைப் பொதுமக்களுக்கும் உறவினர்க்கும் எடுத்துரைப்பதற்கு. வாக்குமூலத்தை மறைப்பதற்கு இதனால் ஒரு காரணம் கிடைக்கிறது. ஆனால் விபத்தின் காரணத்தையே மறைப்பதற்கு இதனால் எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. இஷிகாவாவில் மறைக்கப்பட்டது ஒரு தனிமனிதரின் வாக்குமூலம் அன்று. "பராமரிப்புத் தவறு" என்னும் இரண்டு சொற்களே.

உண்மையை விரைந்து கூறுவதால் படையின் பெருமை குன்றிவிடாது என்பதற்குச் சிங்கப்பூரில் ஒரு சான்று உண்டு. 2024ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, தெங்கா விமானத் தளத்தில் எழும்பிய எஃப்-16 விமானம் ஒன்று கட்டுப்பாட்டை இழந்தது. விமானி வெளியேறித் தப்பினார். விமானம் தளத்திற்குள்ளேயே விழுந்ததால் வெளியே எவருக்கும் தீங்கில்லை. விமானத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் மூன்று முதன்மைக் கருவிகளுள் இரண்டு ஒரே வேளையில் பிழையான செய்தியைத் தந்ததே காரணம் என்று அம்மாதமே தற்காப்பு அமைச்சு அறிவித்தது. நாற்பது ஆண்டுகள் தேவைப்படவில்லை.

இம்மூன்று பள்ளிகளின் கதையிலிருந்து பெறத்தக்கவை மூன்று. பழகுவோரும் சோதிப்போரும் ஊருக்கு அப்பால் பறத்தல் வேண்டும். ஓடுதளத்தின் நேர்க்கோட்டில் பள்ளி எழ இடம் தருதல் கூடாது. விபத்து நேர்ந்தால் அதன் காரணம் பாதிக்கப்பட்டோருக்குத் தாமதமின்றிக் கூறப்படுதல் வேண்டும். இவற்றுள் முதலிரண்டும் அரசின் கையில் உள்ளவை. மூன்றாவதோ, கேட்பார் இருந்தால்தான் கிடைக்கும். மியாமோரி பள்ளியில் ஆண்டுதோறும் ஜூன் 30ஆம் தேதி மாணவரும் ஊராரும் கூடி இறந்தோரை நினைவுகூர்கின்றனர். விபத்தைக் கண்ட தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்கள் தாம் கண்டதை இன்று பயிலும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லி வருகின்றனர். நாற்பதாண்டுகள் மூடி வைக்கப்பட்ட செய்தியை அவ்வூர் மறவாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதனாலேயே அதற்கு விடையும் கிடைத்தது.